தலையாட்டும் பிள்ளைகள்

பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் பத்தேகாலுக்கு உட்காரச் சொன்னார்கள், பத்தரைக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு மறந்தே போனார்கள். பாக்கியமணி டீச்சருக்கு இது புதிதில்லை. காது கேளாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருஷமாக அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எந்த ஆபீஸில் எந்த பெஞ்சுக்குக் கால் ஆடும் என்று யாராவது பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவாள். இந்த பெஞ்சு ஆடவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர்தான் ஆடியது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சல் முதுகெலும்பு வழியாக இறங்கி, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு வந்த முழங்காலில் போய் உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்தாறு வயதில் நின்றுகொண்டு வந்திருக்கக் கூடாது, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம், காத்திருந்தால் பத்து மணி தவறியிருக்கும், தவறியிருந்தால்தான் என்ன, இவர்கள் என்ன ஆரத்தி எடுக்கவா காத்திருந்தார்கள். பக்கத்தில் சிந்துஜா. பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தின் தையல் பிரிவில் இரண்டு வருஷம் படித்து முதலாவதாகத் தேறியவள், மூன்று மாதத்துக்கு முன்னால் இதே பனியன் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்தவள், பதினோரு நாளைக்கு முன்னால் இனி வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவள். இப்போது உள்ளங்கையைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த வரிசை ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று அவள் கைக்குத் தெரியுமாம். டீச்சருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். நடந்தது இவ்வளவுதான்: எல் சைஸ் பனியன் கட்டு ஒன்றில், இருநூற்று நாற்பது உருப்படியிலும், எம் சைஸ் லேபிள் தைத்து பேக்கிங் வரைக்கும் போய்விட்டது. சரக்கு வாங்குகிறவர்கள் வந்து பார்த்தபோது அகப்பட்டது. லைன் சூப்பர்வைசர் சம்பூர்ணம் ஒரு பனியனைத் தூக்கி சிந்துஜாவின் முகத்துக்கு நேரே ஆட்டி, நீயா என்று கேட்டாள். சிந்துஜா தலையை ஆட்டினாள். அன்று மத்தியானமே கம்பெனி வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அந்தப் புள்ளையே ஒத்துக்கிச்சுங்க டீச்சர், நாங்க என்னங்க பண்ணட்டும்" என்று போனில் சம்பூர்ணம் சொன்னாள். ஒத்துக்கிச்சு. அந்தச் சொல் பதினோரு நாளாகப் பல்லிடுக்கில் மாட்டிய நார் போல உறுத்திக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் இன்னும் நாலு பெண்கள் இங்கே வருவதாக இருந்தது. அவர்களுக்குத் தைத்து முடித்த யூனிபார்ம்கூட அலமாரியில் இருக்கிறது. "இந்த ஒரு கம்பெனிதான் நம்ம பிள்ளைங்கள எடுக்குது பாக்கியமணி, இவங்களும் கைய விரிச்சா தையல் பிரிவ மூடிட்டு மெஷின் மேல தார்ப்பாய் போட வேண்டியதுதான்" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் நேற்றுச் சாயங்காலம் சொன்னார், கோபமாகக்கூட இல்லை, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற தொனியில். சிந்துஜாவின் அம்மா வேறு, "இனி இவள ஊட்டுல வெச்சுக்கிட்டு நான் என்னங் பண்றது" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். எல்லோரும் டீச்சரிடம்தான் கேட்கிறார்கள். அவள் யாரிடம் கேட்பது? அந்தத் தலையாட்டலைச் சொல்லிக்கொடுத்தது யார்? வேறு யாரும் இல்லை, இந்தப் பாக்கியமணிதான். வியாழக்கிழமை கடைசி பீரியட், வேலைக்குப் போகப் போகிற பிள்ளைகளுக்கு என்று அவளாகவே சேர்த்துக்கொண்ட வகுப்பு. போர்டில் எழுதிப்போடுவாள்: வாயைப் பார். சிரி. தலையை ஆட்டு. முழிக்காதே. காது கேட்கிற ஜனங்களின் பொறுமை எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை புரியவில்லை என்றால் திருப்பிச் சொல்வார்கள், இரண்டாம் தடவை கத்திச் சொல்வார்கள், கத்தினால் செவிடருக்குக் கேட்டுவிடும் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, மூன்றாம் தடவை நீ போ, வேற ஆள வரச் சொல்லு என்பார்கள். தலையை ஆட்டிவிட்டால் அன்றைய பொழுது தப்பிக்கும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்துகொள்ளலாம். வகுப்பில் அவளே முதலாளியாக நடிப்பாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாயில் வந்ததை எல்லாம் உளறித் திட்டுவாள், பன்னிரண்டு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார்கள், அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தால் வாய் கசந்தது. அதிலும் ராஜலட்சுமி, பழைய மாணவி. ராஜலட்சுமியை நினைக்கக் கூடாது என்று எத்தனையோ தடவை முடிவு செய்தாயிற்று, ஆனால் காத்திருக்கிற பெஞ்சில் எல்லாம் அவள்தான் வந்து பக்கத்தில் உட்காருவாள். மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது, "டீச்சர், சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்று அப்பா அவசரப்படுத்துகிறார், பாக்கியமணி கையை அசைத்துக் கேட்கிறாள், அவசரத்தில் பாதி சைகை, கூட்டத்தில் இருபது முகம் பார்த்துக்கொண்டிருக்கிறது, ராஜலட்சுமி சிரித்துத் தலையை ஆட்டுகிறாள், எல்லோரும் கை தட்டுகிறார்கள். நாலு வருஷம் கழித்து இடுப்பில் பிள்ளையோடு பள்ளிக்கூட கேட்டில் வந்து நின்றாள். அன்னைக்கு என்ன கேட்டீங்க, என்று கையால் கேட்டாள். சண்டை போடவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். புடவை பிடிச்சிருக்கா என்றுதான் கேட்டதாக நினைத்தாளாம். அன்றோடு பாக்கியமணி ஒரு முடிவுக்கு வந்தாள்: இந்தப் பிள்ளைகளின் தலையாட்டலை நம்பக் கூடாது. டாக்டர் கேட்டாலும் சரி, ஆதார் ஆபீஸில் கேட்டாலும் சரி, அவளே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முழங்காலில் யாரோ தட்டினார்கள். சிந்துஜாதான். சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, நெஞ்சைத் தொட்டு, அறைக் கதவைக் காட்டி, விரல்களை வாய் முன்னால் அசைத்தாள். உள்ளே நான் பேசணும். நான். பாக்கியமணி உள்ளங்கையைத் தாழ்த்தி அடக்கினாள்: இரு, நான் பேசிக்கிறேன். அதைச் சொல்வதற்குள் மணிக்கட்டில் சுருக்கென்று பிடித்தது. இருபத்தெட்டு வருஷம் பேசிய கை, தொண்டை கட்டுவது போல இதுவும் கட்டிக்கொள்கிறது. சிந்துஜா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள், அப்புறம் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சுவரில் கையை வைத்துக்கொண்டாள். நல்ல பிள்ளை. சொன்னால் கேட்கும். மணிக்கட்டு. பிள்ளைகள் ஒவ்வொரு டீச்சருக்கும் சைகையில் ஒரு பெயர் வைப்பார்கள். கன்னத்தில் மச்சம் இருந்தால் மச்சம், நடை கோணலாக இருந்தால் கோணல் நடை, ஒளிவுமறைவே கிடையாது. பாக்கியமணியின் பெயர் மணிக்கட்டில் இரண்டு விரலால் ஒரு தட்டு. புதுப் பிள்ளைகள் எல்லாம் அது வாட்ச் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், டீச்சர் நேரம் தவற மாட்டார் அல்லவா, அதனால் வாட்ச். அவளும் அப்படியே விட்டுவிட்டாள். அது வாட்ச் இல்லை, ஸ்கேல். அவள் சேர்ந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் கையால் பேசினால் அடி. கை பேசினால் வாய் பேசாது என்று பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவளும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து ப, ப என்று சொல்லச் சொல்வாள், சுடர் ஆடினால் சரி, ஆடாவிட்டால் தப்பு. ஒரு வருஷம் முழுக்க சுடரை ஆட்டி ஆட்டி ஒரு பிள்ளை அப்பா என்று சொல்லும், அந்த அப்பா அதைக் கேட்டுவிட்டு, என்ன டீச்சர் சொல்றான் என்பார். நடுவில் கை அசைந்தால் ஸ்கேல் மணிக்கட்டில் விழும். முதல் செட் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அடிபட்டவர்கள் எல்லாம் கல்யாணமாகிப் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்புகிற வயதுக்கு வந்துவிட்டார்கள், பெயர் மட்டும் ஹாஸ்டலில் கைக்குக் கை மாறி நின்றுவிட்டது. அப்புறம் அதே பிள்ளைகள் துணி துவைக்கிற இடத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கையால் சண்டை போடுவதையும் சினிமாக் கதை சொல்வதையும் மறைந்து நின்று பார்த்து, ஒரு நாள் வெட்கத்தை விட்டுப் போய் உட்கார்ந்து, சோப்பு நுரையோடு அவர்களிடமே கற்றுக்கொண்டாள். இன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் நன்றாகச் சைகை தெரிந்த டீச்சர் அவள் ஒருத்திதான். அதனால்தான் எல்லா பெஞ்சும் அவளுக்கே. இரண்டு வருஷத்தில் ஓய்வு. அப்புறம்? அப்புறம் இன்னொரு பயம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளியிலிருந்து இடது காது சரியில்லை. நரம்பு தேய்கிறதாம், காதில் மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். செவிட்டுப் பள்ளிக்கூட டீச்சருக்குச் செவிடு என்றால் ஹாஸ்டலே குதித்துக் கொண்டாடும், பெயரை மாற்றிவிடுவார்கள், அது பரவாயில்லை. காலையில் கேட் வாட்ச்மேன் இடது பக்கம் நின்று என்னவோ சொன்னார். அவள் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு வலது பக்கம் நடந்தாள், அவர் ஓடிவந்து திருப்பிவிட்டார். அந்த ஆட்டல் உள்ளே எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஒன்றுமே இருக்காது. சின்னதாக ஒரு பயம், அதன் மேல் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். சிந்துஜாவும் அன்றைக்கு அப்படித்தான் ஆட்டியிருப்பாள். வேறு எப்படி இருக்க முடியும்? சம்பூர்ணத்திடம் இரண்டு தடவை கேட்டாயிற்று, அம்மாவிடம் கேட்டாயிற்று, கம்பெனி ஹாஸ்டல் வார்டனிடம் கேட்டாயிற்று, எல்லோரும் சொன்னது ஒன்றுதான். மெஷின் இரைகிறது, ஆள் கத்துகிறாள், பனியன் முகத்தில் ஆடுகிறது, பிள்ளை பயந்து தலையை ஆட்டியிருக்கிறது. போதும். இதைச் சொன்னால் எந்த மனுஷனுக்கும் இரக்கம் வரும்.

பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் தினகரன் என்று ஒருவர், எச்.ஆர். ஆபீசர், முப்பது வயதுகூட இருக்காது. அவள் பிள்ளைகளில் ஒருவர் என்றால் காதைத் திருகியிருப்பாள், இங்கே சார் என்றாள். ஜன்னல் ஓரம் சம்பூர்ணம் நின்றுகொண்டிருந்தாள். வலது காது அவர் பக்கம் வருகிற மாதிரி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை பாக்கியமணி சொன்னாள். வகுப்பு எடுக்கிற குரல் தானாக வந்துவிட்டது. "சார், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. காது கேக்காத பிள்ளைங்க எதைக் கேட்டாலும் தலையாட்டுவாங்க. அது ஒரு பழக்கம். புரிஞ்சுதுன்னு அர்த்தமே இல்ல. சாப்ட்டியான்னாலும் ஆட்டுவாங்க, திருடினியான்னாலும் ஆட்டுவாங்க. அன்னைக்கு இவ ஆமான்னு சொன்னது ஆமா இல்ல சார், இவளுக்கு என்ன கேட்டாங்கன்னே தெரியாது." கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. இது பெரியவர்கள் பேச்சு, பிள்ளைக்குச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அப்படித்தான் இத்தனை வருஷமும். தினகரன் சிந்துஜாவைப் பார்த்தார். சிந்துஜா மரியாதையாக அவரைப் பார்த்துச் சிரித்து, வணக்கம் சொல்கிற பாவனையில் தலையை அசைத்தாள். "பாத்தீங்களா சார், இப்பக்கூட" என்றாள் பாக்கியமணி. தினகரன் சிரித்தார், சம்பூர்ணமும் சிரித்தாள், அறை முழுக்க ஒரு இளக்கம் வந்தது, ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இது எங்களுக்குத் தெரியாதுங்க டீச்சர்" என்றார் தினகரன். "பாவம், அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு பண்ணலாங்க, மெஷின் வேண்டாம். கேட்டுப் புரிஞ்சு செய்யற வேலையே வேண்டாம். இன்னைக்கே பிசிறு வெட்டற டேபிள்ல உக்காரட்டும், கத்தரிக்கோல் ஒண்ணு போதும். ஜூன்ல அந்த நாலு பேரையும் அனுப்புங்க, எல்லாத்தையும் அங்கயே போட்டுக்கலாம்." பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நாளெல்லாம் வெட்டுகிற வேலை அது. தையல் தெரிய வேண்டாம், கண் இருந்தால் போதும். இரண்டு வருஷம், ஓவர்லாக், பிளாட்லாக் என்று ஒவ்வொரு மெஷினிலும் கை பதமாகிற வரைக்கும் பழைய வேட்டியில் தைத்துத் தைத்துப் பிரித்தது, ஒரு கணம் அதெல்லாம் கண்ணில் வந்து போயிற்று. ஆனால் வேலை வேலைதானே. நாலு பேர். தார்ப்பாய் வேண்டாம். அவள் எழுந்து நன்றி சொன்னாள், வாசல் வரைக்கும் போய்த் திரும்பி இன்னொரு தடவையும் சொன்னாள்.

வெளியே அதே பெஞ்சில் உட்கார்ந்ததும் உடம்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. ஒரு காபி கிடைத்தால் தேவலை. கையை உதறிக்கொண்டு சிந்துஜாவிடம் சொன்னாள்: வேலை கிடைச்சாச்சு. இன்னைக்கே சேரலாம். சிந்துஜா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. பெஞ்சில் உட்காராமல் எதிரே வந்து நின்றுகொண்டாள், முகத்துக்கு நேராக, டீச்சரின் கண் வேறு எங்கும் போகாதபடி. அப்புறம் கைகள் பேசின, நிதானமாக, சின்ன வகுப்புக்குச் சொல்வது போலப் பிரித்துப் பிரித்து. லேபிள் நான்தான் தைச்சேன். என் பெட்டி தீர்ந்துபோச்சு. பக்கத்துப் பெட்டிய எடுத்தேன். சைஸ் பார்க்கல. என் தப்பு. அந்த அம்மா நீயான்னு கேட்டாங்க. வாய் பார்த்தேன். புரிஞ்சுது. ஆமாம்னு சொன்னேன். பாக்கியமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் பார்ப்பது சரிதானா என்று சந்தேகம் வந்தது, மறுபடி காட்டு என்று கேட்கக் கை எழுந்தது, அந்தக் கையே பாதியில் நின்றது. மறுபடி கேட்க ஒன்றுமில்லை, எல்லாம் தெளிவாக இருந்தது. என்கிட்ட ஏன் சொல்லல, என்றாள். நீங்க கேட்கல, என்றாள் சிந்துஜா. எல்லாரையும் கேட்டீங்க. இன்னைக்கு உள்ளே சொல்லலாம்னு வந்தேன். என் தப்பு, இனி சைஸ் பார்த்துத் தைப்பேன், மெஷின் கொடுங்க. அதைச் சொல்லத்தான். நீங்க அவர்கிட்ட சொன்னது எல்லாம் பார்த்தேன். பத்து வருஷமா உங்க வாய்தான் எனக்குப் பழக்கம். எனக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க. பாக்கியமணிக்கு முகம் எரிந்தது. வெட்கம், வேறொன்றுமில்லை, இருபத்தெட்டு வருஷத்தில் எந்த ஆபீஸிலும் படாத வெட்கம். ராஜலட்சுமியிடம் கேட்கவே தெரியாமல் கேட்டாள். இவளிடம் கேட்கவே இல்லை. உள்ளே போய்ச் சொல்லலாமா? சார், இவளுக்குப் புரிந்தது, இவள்தான் செய்தாள், நான் சொன்னதுதான் பொய் என்றா? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மெஷின் போகும். ஒரு பிள்ளையின் மெஷின் மட்டுமா, ஐந்து பிள்ளைகளின் மெஷினும்தான். ஜூனில் வருகிற நாலு பேரையும் அல்லவா இப்போது பிசிறு மேசையில் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறாள். இதற்குத்தானா பழைய வேட்டியில் தைத்துத் தைத்துப் பிரித்தார்கள்? எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள், பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். அதற்குள் சம்பூர்ணம் வந்துவிட்டாள். கையில் கழுத்துக் கயிறு கட்டிய சின்னக் கத்தரிக்கோல்.

"ஏனுங் டீச்சர், புள்ளைய நான் கூட்டிட்டுப் போகட்டுங்களா? பிசிறு வெட்டற வேலைன்னு சொல்லிட்டீங்களா, அவளுக்குப் புரிஞ்சுதுங்களா?"

சிந்துஜா சம்பூர்ணத்தின் வாயைப் பார்த்து, அழுத்தமாகத் தலையை ஆட்டினாள். சம்பூர்ணம் பதிலுக்காக டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளப் பாருங்கம்மா" என்றாள் பாக்கியமணி. "நீங்க கேட்டது அவளுக்குப் புரியுது. அன்னைக்கும் புரிஞ்சுதான் ஆமான்னு சொல்லியிருக்கா. நான் உள்ள சொன்னதுதான் தப்பு. வாங்க, சார்கிட்ட போய்ச் சொல்லிடுறேன்."

சம்பூர்ணம் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோல் கயிற்றை சிந்துஜாவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். "அட, உடுங்க டீச்சர். அந்தப் புள்ள எதுக்குத்தான் தலையாட்டாது? நீங்கதானுங்களே இப்ப சொன்னீங்க."